கறுப்புக் காய்ச்சலும் அயர்லாந்துப் படை வைத்தியரும்

காய்ச்சல் பின்னேரம் நாலு மணிக்கு வரும். முதலில் முதுகு குளிரும். பிறகு பற்கள் தாமாக அடித்துக்கொள்ளும். ஆறு மணிக்கு வேர்த்துக் கொட்டும். ஏழு மணிக்கு ஒன்றுமே நடக்காததுபோல் எழும்பிச் சோறு போட்டுச் சாப்பிடலாம். சிசிலித் தீவின் பலெர்மோ நகரில் அது யூன் மாதம். ஊரே மொண்டெல்லோக் கடற்கரையில் படுத்துக் கிடக்க, நான் வேலை செய்யும் வீட்டுக் குசினியில் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு நின்றேன்.

இதை எழுதக் காரணம் இருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபின் எங்கள் சனம் என்னைப் பார்க்க வந்தது. வந்தவர்கள் கதிரையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டு இருந்தார்கள். ஒருவர்தான் வாய் திறந்து கேட்டார், "உது தொற்றுமே?" என்று. மற்றவர்கள் கேட்கவில்லை. நான் ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணியைக் குடிக்காமல் வைத்துவிட்டுப் போனார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்களுடைய இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் தள்ளித்தான் இருந்திருப்பேன். பயம் அப்படிப்பட்டது. ஆனால் எனக்கு வந்தது என்ன, எப்படிப் போனது என்று ஒருமுறை ஒழுங்காகச் சொல்லிவிட வேண்டும்.

என் பெயர் வதனா. வயது நாற்பத்துநான்கு. வன்னியில் ஒரு சிறிய வைத்தியசாலையில் மருந்து கொடுக்கும் இடத்தில் வேலை செய்தேன். யுத்தம் முடிந்து சில வருடங்களில் இத்தாலிக்கு வந்தேன். கணவர் பாலன் மொண்டெல்லோவில் ஒரு உணவகத்தில் சமைக்கிறார். மகள் அபிக்குப் பதின்மூன்று வயது. ஸ்தாசியோனே சென்ட்ராலே என்ற பெரிய ரயில் நிலையத்துக்குப் பின்னால் இரண்டு அறை வீடு. ஆறு வருடமாக நான் ஒரு வயோதிபப் பெண்ணைப் பராமரிக்கிறேன். அவவுக்கு எண்பத்துமூன்று வயது. மலைக்குக் கீழே எலுமிச்சைத் தோட்டத்தோடு பழைய வீடு. அவவைக் குளிக்க வார்ப்பது, சமைப்பது, மருந்து கொடுப்பது, பொழுதுபடும் நேரத்தில் நாயைத் தோட்டத்தில் நடத்துவது, எல்லாம் என் வேலை. சிஞ்ஞோரா, அதாவது அம்மணி, என்றுதான் கூப்பிடுவேன்.

அந்த வீட்டுச் சாப்பாட்டு அறையில் ஒரு படம் தொங்குகிறது. மீசை வைத்த வெள்ளைக்காரர், இராணுவ உடுப்பில். சிஞ்ஞோராவின் தாய் அயர்லாந்துப் பெண். படத்தில் இருப்பவர் தாயின் தகப்பன், மதராஸில் இருந்த படை வைத்தியர். வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமையே சிஞ்ஞோரா சொல்லிவிட்டா. நான் மேலே எதுவும் கேட்கவில்லை. கண்ணாடியை மட்டும் துடைப்பேன், முகத்தைப் பார்க்காமல். எனக்கு அந்த உடுப்புப் பிடிக்காது.

குடும்ப வைத்தியர் முதலில் தடிமன் காய்ச்சல் என்றார், பிறகு சிறுநீரில் கிருமி என்று குளிசை தந்தார். மூன்று கிழமை போனது. பாவாடைக்கு ஊசி குத்தித்தான் உடுக்க வேண்டியிருந்தது, அவ்வளவு மெலிந்துவிட்டேன். ஒருநாள் சிஞ்ஞோராவின் தலைமுடியைக் கழுவிக்கொண்டிருந்தபோது அவவின் நரைத்த முடியில் இரத்தம் சொட்டியது. என் மூக்கிலிருந்து. அவ பின்னுக்குத் திரும்பிப் பார்த்தா. "துவாயைக் கீழே வை. இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ" என்றா.

அவசர சிகிச்சைப் பிரிவில் ஆறு மணித்தியாலம் காத்திருந்தோம். ஒரு இளம் வைத்தியர் என்னைப் படுக்க வைத்து இடது விலாவுக்குக் கீழே கையை வைத்தார். வைத்த கையை எடுக்காமல் கீழே கீழே கொண்டுபோனார். தொப்புள்வரை போய்த்தான் நின்றது. மண்ணீரல் என்பது இடப்பக்கம் விலா எலும்புக்குள் ஒளிந்திருக்கும் உறுப்பு, இரத்தத்தை வடிக்கிற வடிதட்டு மாதிரி. நல்ல சுகமாக இருப்பவருக்கு அது கையில் தட்டுப்படவே தட்டுப்படாது. எனக்கு அது வயிற்றின் அரைவாசியைப் பிடித்துக்கொண்டு கிடந்தது.

"வீட்டில் நாய் இருக்கிறதா?" என்று கேட்டார்.

"இல்லை" என்றேன். எங்கள் இரண்டு அறை வீட்டில் நாயை எங்கே வைத்திருப்பது?

பாலனை வெளியே கூப்பிட்டுக் கதைத்தார்கள். கதவு இடுக்கால் அவருடைய முதுகு மட்டும் தெரிந்தது. உள்ளே வந்தபோது முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"என்னவாம்?"

"ஒண்டுமில்லையப்பா. ரத்தம் குறைவாம். ரெண்டு மூண்டு நாள் மறிச்சு வைச்சுப் பாக்கினமாம்."

"ஏன் உங்கட கை நடுங்குது?"

"வெளியில ஏசி போட்டிருக்கிறாங்கள்."

யூன் மாத ஆஸ்பத்திரி நடைபாதையில் ஏசி எங்கே? கட்டிலின் காலடியில் ஒரு கடதாசி வைத்திருந்தார்கள். அவர் தண்ணீர் எடுக்கப் போன நேரம் இழுத்து வாசித்தேன். நோயாளியின் பெயர், வயது, பிரசை உரிமை, கீழே ஒரு சொல். லின்ஃபோமா, பக்கத்தில் கேள்விக்குறி. நிணநீர்க் கணுக்களில் வரும் புற்றுநோய். மருந்துக் கூடத்தில் வேலை செய்தவளுக்கு அந்தச் சொல்லை யாரும் மொழிபெயர்க்கத் தேவையில்லை. கடதாசியை இருந்த மடிப்பிலேயே மடித்து வைத்தேன். அவர் தண்ணீரோடு வந்தார். இரண்டு பேருக்கும் தெரியும். இரண்டு பேரும் சொல்லவில்லை. ஒன்பது நாள் அப்படிப் போனது.

தொற்றுநோய்ப் பிரிவில் மேல்மாடியில் கட்டில் தந்தார்கள். கையில் குழாய். விடிய எட்டுச் சிறு போத்தல் இரத்தம். உடல் முழுவதையும் சீவிச் சீவிப் படம் பிடிக்கும் இயந்திரம். அதற்குள் படுத்திருந்தபோது, "மூச்சைப் பிடியுங்கள்" என்று ஒரு பதிவுக் குரல் சொல்லும், "இனி விடலாம்" என்று சொல்லும். விடலாம் என்று சொல்லாமல் விட்டுவிடுவார்களோ என்று ஒவ்வொரு முறையும் பயந்தேன்.

என் பயம் மற்ற நோயாளிகளின் பயத்தைவிடக் கூட என்று சொல்ல வரவில்லை. ஆனால் என் நினைவில் ஏற்கெனவே ஒரு ஆஸ்பத்திரி இருந்தது. யுத்தத்தின் கடைசி மாதங்களில் எங்கள் வைத்தியசாலை ஒரு பள்ளிக்கூடத்துக்கு இடம்பெயர்ந்தது. காயப்பட்டவர்களைத் தூக்கி வருவார்கள். இடப்பக்க வகுப்பறைக்குக் கொண்டுபோனால் சத்திரசிகிச்சை. வலப்பக்க வகுப்பறைக்குக் கொண்டுபோனால் இனி ஒன்றும் செய்வதற்கில்லை. அங்கே தண்ணீர் கொடுக்கத்தான் நான் போவேன். பலெர்மோவில் என் கட்டிலைத் தள்ளிக்கொண்டு போகும்போது நடைபாதை முடிவில் எந்தப் பக்கம் திருப்புகிறார்கள் என்று பார்ப்பேன். வலப்பக்கம் திருப்பினால் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொள்வேன். அங்கே இருந்தது படம் பிடிக்கும் அறைதான். தெரிந்தும் பிடிப்பேன்.

நாலாம் நாள் பாலன் கறுத்த மட்டை போட்ட கடதாசிக் கோப்பு ஒன்றைக் கொண்டுவந்தார். "சிஞ்ஞோரா தந்துவிட்டவ. பொழுது போகட்டுமாம். அவவின்ர தாத்தா எங்கட நாட்டில வைத்தியரா இருந்தவராம்."

"எங்கட நாடில்லை. மதராஸ்."

"அவவுக்கு எல்லாம் ஒண்டுதான். வாசியும்."

அந்தப் படை வைத்தியர் தன் தங்கைக்கு எழுதிய கடிதங்கள். சிஞ்ஞோராவின் தாய் அவற்றைத் தட்டச்சில் அடித்து அடுக்கி வைத்திருந்தா. ஆங்கிலம். மருந்துக் கூடத்து ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல வாசித்தேன். காய்ச்சல் வருமுன் காலையில் வாசிப்பேன்.

அயர்லாந்தின் தெற்கே ஒரு சிறு ஊரில் குதிரைகளுக்கு வைத்தியம் பார்ப்பவரின் மகன். படித்து முடித்தபோது ஊரில் வேலை இல்லை. பிரித்தானிய இராணுவம் வைத்தியர்களை எடுத்தது. வீட்டில் அதை யாரும் விரும்பவில்லை என்று முதல் கடிதத்திலேயே இருக்கிறது. வழியனுப்பத் தகப்பன் துறைமுகத்துக்கு வரவில்லை. முதலில் பர்மாக் காடு. பிறகு சென்னை. அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு காய்ச்சல் பிரிவு அவர் பொறுப்பில். பின்னேரத்தில் காய்ச்சல் வரும் நோயாளிகள். மலேரியாவுக்குக் கொடுக்கும் கொயினாவைக் கொடுத்தாலும் நிற்காத காய்ச்சல். உடம்பு மெலிந்து வயிறு மட்டும் பெருக்கும், தோல் கறுக்கும், மூக்கால் இரத்தம் வரும், மண்ணீரல் தொப்புள்வரை இறங்கும். வடக்கே அதற்குக் கறுப்புக் காய்ச்சல் என்று பெயராம்.

இது என் நோய்க் குறிப்புத்தானே. யாரோ நூறு வருடத்துக்கு முன்னமே எழுதி வைத்திருக்கிறார். வாசிப்பதை நிறுத்த முடியவில்லை. அவர் அந்த நோயாளிகளின் விலாவுக்குக் கீழே நீண்ட ஊசியை ஏற்றி, மண்ணீரலிலிருந்து ஒரு துளி எடுத்து, கண்ணாடித் தட்டில் பூசி, நுணுக்குக்காட்டியில் பார்த்தார். ஒருநாள் அதில் சின்னச் சின்ன வட்டங்களைக் கண்டார், ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு புள்ளி. வேறு வைத்தியர்களும் அதே நாட்களில் அதையே கண்டிருந்தார்கள்; தான் முதல் ஆள் இல்லை என்று தங்கைக்குக் கொஞ்சம் மனக்குறைப்பட்டு எழுதியிருக்கிறார்.

அடுத்த கடிதத்தில் ஒரு தமிழ்ப் பெண். வயது முப்பது இருக்கும், சமையற்காரர் ஒருவரின் மனைவி. பெயர் எழுதவில்லை. நாலு பேர் பிடித்துக்கொள்ள ஊசி ஏற்றினார். ஊசி உள்ளே இருக்கும்போது அவள் பயத்தில் துள்ளிவிட்டாள். அன்று பின்னேரம் உள்ளுக்குள்ளே இரத்தம் பெருகிச் செத்துப்போனாள்.

கோப்பை மூடிக் கட்டிலுக்குக் கீழே தள்ளினேன். பத்து நிமிடம் கழித்து எங்கள் பிரிவின் பெண் வைத்தியர், தொட்டோரெஸ்ஸா, வந்தா. ஐம்பது வயது, எந்நேரமும் அவசரம், கழுத்தில் மூக்குக்கண்ணாடி தொங்கும்.

"நாளைக்கு ஊசி போட்டுக் கொஞ்சம் எடுத்துப் பார்க்கப்போகிறோம். இதில் கையெழுத்துப் போடுங்கள்."

"இல்லை."

"என்ன இல்லை?"

"கையெழுத்துப் போடமாட்டேன்."

அவ என்னை ஒருமுறை பார்த்தா, கடதாசியைப் பார்த்தா, வெளியே யாரோ கூப்பிடப் போய்விட்டா.

பின்னேரம் பாலன் கஞ்சியோடு வந்தார். எனக்குக் காய்ச்சல் ஏறத் தொடங்கியிருந்தது.

"என்னப்பா இது? சம்மதிக்கமாட்டன் எண்டு சொன்னனீராம்?"

"ஓம்."

"உதைச் செய்யாட்டி வருத்தம் என்னெண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?"

"கண்டுபிடிச்சு? உங்களுக்குத் தெரியாத மாதிரிக் கதைக்காதேங்கோ."

அவர் கஞ்சிக் கிண்ணத்தின் மூடியைத் திறந்தபடியே நின்றார். ஆவி அவர் கண்ணாடியில் படிந்தது. துடைக்கவில்லை. "அபிக்கு நான் என்ன சொல்லுறது?" என்று மட்டும் கேட்டார். பற்கள் அடித்துக்கொள்ளத் தொடங்கின. அவர் தன் கையை என் வாய்க்குக் கிட்டக் கொண்டுவந்து, நாக்குக் கடிபடாமல் துவாயை மடித்து வைத்தார்.

ஏன் அவ்வளவு பயம் என்று பாலனுக்குக்கூட முழுதாகச் சொன்னதில்லை. பள்ளிக்கூடத்தை விட்டுக் கடலேரியைத் தாண்டி இராணுவம் நின்ற மற்றப் பக்கம் போனபோது என் தோளில் எறிகணைத் துண்டு ஏறியிருந்தது. அங்கே ஒரு கூடாரத்துக்குள் இருத்தினார்கள். ஒருவர் வந்தார். இராணுவ உடுப்பு, அதற்கு மேலே கழுத்தில் ஸ்டெதஸ்கோப். என்னோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லை. இரண்டு பேர் என்னைப் பிடித்தார்கள். அவர் இடுக்கியை எடுத்தார். வைத்தியம் செய்யப்போகிறாரா, வேறு ஏதும் செய்யப்போகிறாரா என்று எனக்குத் தெரியாது. துண்டை எடுத்தார், கட்டுப் போட்டார், போய்விட்டார். அந்தக் காயம் நன்றாக ஆறியது. அந்த மனிதர் எனக்கு நல்லதுதான் செய்தார். ஆனால் அந்த ஐந்து நிமிடத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிறுநீர் முட்டும்.

மறுநாள் காலையில் சிஞ்ஞோராவுக்குத் தொலைபேசி எடுத்துச் சத்தம் போட்டேன். ஆறு வருடத்தில் முதல்தரம். "ஏன் இதைத் தந்துவிட்டீர்கள்? உங்கள் தாத்தா ஊசி போட்டு ஒரு தமிழ்ப் பெண்ணைக் கொன்றிருக்கிறார். அதை எனக்கு வாசிக்கத் தருகிறீர்கள்."

மறுபக்கத்தில் வானொலியை நிறுத்தும் சத்தம் கேட்டது. பிறகு, "எனக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது, வதனா. அம்மா சொன்னதுதான் தெரியும். அவர் நல்லவர் என்று அம்மா சொன்னா" என்றா.

பதினொரு மணிக்கு வாசலில் ஊன்றுகோல் சத்தம் கேட்டது. சிஞ்ஞோரா. தனியாக வாடகைக் காரில் வந்திருந்தா. வீட்டில் கட்டிலிலிருந்து குளியலறைக்குப் போகவே என் கையைப் பிடிப்பவ. சட்டைப் பொத்தான்கள் ஒன்று மாறி ஒன்று பூட்டியிருந்தன. அவசரத்தில் தானே உடுத்தியிருக்கிறா. கதிரையில் இருந்து மூச்சு வாங்கியபின் சொன்னா:

"எடு அதை. எனக்கு வாசி. முழுவதையும், இத்தாலியனில்."

"எனக்கு வேண்டாம்."

"எனக்கு வேண்டும். எண்பத்துமூன்று வருடமாக அந்த மனிதரின் படத்துக்குக் கீழே சாப்பிட்டிருக்கிறேன்."

கோப்பைக் கட்டிலுக்குக் கீழிருந்து எடுத்தேன். அந்தப் பெண்ணின் கடிதத்தை வாசித்தேன். சிஞ்ஞோரா இரண்டு கையையும் ஊன்றுகோலின் பிடியில் வைத்துக்கொண்டு கேட்டா. முடிந்ததும், "அடுத்தது" என்றா. அடுத்ததை நான் அதுவரை வாசித்திருக்கவில்லை.

பத்து நாள் அவர் யாருக்கும் ஊசி போடவில்லை. இறந்த பெண்ணின் கணவர் வந்து, அவளை என்ன செய்தீர்கள் என்று கேட்டிருக்கிறார். மொழிபெயர்ப்பவர் ஏதோ சமாளித்துச் சொன்னார். தான் அவளிடம் ஒன்றுமே சொல்லாமல் ஊசியை எடுத்ததைத்தான் அந்த நேரம் நினைத்துப் பார்த்ததாகத் தங்கைக்கு எழுதுகிறார். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி எழுதுவினைஞர் ஒருவரிடம் மூன்று வசனம் கேட்டுப் படித்தார். அவற்றையும் கடிதத்தில் ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தார். நான் எழுத்துக்கூட்டி வாசித்தேன்.

"ஊசி குட்டுவேன். நோவும். ஆடாதே."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குத்துவேன் என்று எழுதத் தெரியாமல் குட்டுவேன் என்று எழுதியிருக்கிறார். ஊசியால் தலையில் குட்டப் போகிறாராக்கும். சிரித்ததும் விலாவுக்குக் கீழே இழுத்துப் பிடித்தது, கண்ணீர் வந்தது. பிறகு சிரிப்பு நின்றும் கண்ணீர் நிற்கவில்லை. எத்தனை பேர் கட்டிலில் கிடந்து, மீசை வைத்த வெள்ளைக்காரரின் வாயால் அந்தப் பிழைத் தமிழைக் கேட்டிருப்பார்கள்? செத்தவளுக்கு அது கிடைக்கவில்லை.

"என்ன சொல்லியிருக்கிறார்?" என்றா சிஞ்ஞோரா.

சொன்னேன். அவ அந்த மூன்று வசனத்தையும் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டா. அந்த நேரம்தான் தொட்டோரெஸ்ஸா உள்ளே வந்தா, சம்மதக் கடதாசியோடு.

"முதலில் சொல்லுங்கள்" என்றேன். "எங்கே குத்துவீர்கள்? மண்ணீரலிலா?"

"மண்ணீரலிலா? யார் சொன்னது?"

"ஒரு வைத்தியர். நூறு வருடத்துக்கு முந்தி."

அவ மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடதாசிகளைப் பார்த்தா. பிறகு கட்டில் விளிம்பில் இருந்தா. அவ இருந்ததை நான் அன்றைக்குத்தான் முதன்முதல் பார்த்தேன். கையுறைப் பெட்டியின் பின்பக்கத்தில் இடுப்பெலும்பைக் கீறிக் காட்டினா. இங்கே, முதுகுப் பக்கம், எலும்பின் மேட்டில். முதலில் மரத்துப்போக ஊசி. பிறகு மொத்த ஊசி ஒன்று. எலும்புக்குள் இருக்கும் மச்சையில், இரத்தம் பிறக்கும் இடத்தில், ஒரு கரண்டியில் பாதிகூட வராது, அவ்வளவுதான் இழுப்போம். குத்தும்போது அவ்வளவு நோகாது. இழுக்கும்போது நோகும், காலுக்குள்ளே மின்சாரம் ஓடுவதுபோல. ஐந்து செக்கன். இரத்தம் வந்தால் அழுத்திப் பிடிப்போம். எலும்புக்கு மேலே பிடிக்கலாம். மண்ணீரலைப் பிடிக்க முடியாது, அதனால்தான் அங்கே குத்துவதில்லை.

"இவர் எழுதியிருக்கும் நோயும் எங்கள் சந்தேகத்தில் இருக்கிறது" என்றா. "சிசிலியில் அது இன்னும் உண்டு, நாய்களிடமிருந்து வரும். ஆனால் உங்களிடம் நாய் இல்லை என்று எழுதியிருக்கிறார்கள்."

சிஞ்ஞோராவின் ஊன்றுகோல் நழுவி விழுந்தது.

"என்னிடம் இருக்கிறது" என்றா. "இரண்டு வருடமாக அந்த நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறது. இவள்தான் கொடுக்கிறாள். பொழுதுபடும் நேரம் இவள்தான் நடத்துகிறாள்."

அந்த மாத்திரை எதற்கு என்று நான் கேட்டதே இல்லை. நாய் கடித்து வருவதில்லை, நக்கி வருவதில்லை என்று தொட்டோரெஸ்ஸா சொன்னா. கண்ணுக்கு இலேசில் படாத மணல் ஈ ஒன்று, இங்கே பாப்பத்தாச்சி என்பார்கள், இருட்டும் நேரத்தில் சத்தமே இல்லாமல் கடிக்கும். நோயுள்ள நாயைக் கடித்துவிட்டு ஆளைக் கடித்தால் கிருமி ஏறும். பெரும்பாலானோருக்கு ஒன்றும் செய்யாது. சிலருக்கு இப்படி. ஆனால் அதுதானா, புற்றுக் கட்டியா என்று மச்சையைப் பார்த்தால்தான் உறுதி.

சிஞ்ஞோரா என் முகத்தைப் பார்க்கவில்லை. "என் வீட்டில் பிடித்த நோய்" என்று மட்டும் சொன்னா.

கையெழுத்துப் போட்டேன். தைரியம் வந்து போட்டதாக நினைக்க வேண்டாம். பேனை வழுக்குமளவுக்கு உள்ளங்கை வேர்த்திருந்தது. என்ன செய்யப்போகிறார்கள் என்று தெரிந்துகொண்டு பயப்பட்டேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

மறுநாள் காலையில் என்னைச் சரித்துப் படுக்க வைத்தார்கள். ஒரு தாதி முழங்காலைப் பிடித்தா. தொட்டோரெஸ்ஸா ஒவ்வொன்றையும் செய்யுமுன் சொன்னா. இப்போது குளிரும். இப்போது அழுத்தும். இப்போது இழுக்கப்போகிறேன். காலுக்குள் மின்சாரம் ஓடியது. அம்மா என்று கத்தினேன். ஆடவில்லை.

முடிவு மறுநாள் மத்தியானம் வந்தது. தொட்டோரெஸ்ஸா தானே வந்தா. பாலன் சோற்றுப் பார்சலோடு நின்றார். மச்சையில் இருந்தது கறுப்புக் காய்ச்சலின் கிருமிதான். கட்டி இல்லை. மருந்து உண்டு.

"லின்ஃபோமா இல்லையே?" என்று பாலன் கேட்டார். கேட்டபின்தான் நான் பக்கத்தில் கிடப்பது அவருக்கு நினைவு வந்தது. திரும்பி என்னைப் பார்த்தார்.

"எனக்கு முதல்நாளே தெரியும்" என்றேன்.

"தெரியுமே?"

"ஓம். கடுதாசியில கிடந்தது."

"ஒம்பது நாள்... ஏனப்பா சொல்லேல்லை?"

"நீங்கள் ஏன் சொல்லேல்லை?"

அவர் சோற்றுப் பார்சலை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலுக்குப் பக்கத்தில் நிலத்திலேயே இருந்துவிட்டார். கதிரை இருந்தது. அதில் இருக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

நோயின் பெயர் தெரிந்துவிட்டால் பயம் போய்விடும் என்று நினைத்தேன். மருந்து மஞ்சள் நிறத் தண்ணீராகத் துளித்துளியாக இறங்கியது. முதல்நாள் அரைமணியில் கட்டிலே ஆடுமளவுக்கு நடுக்கம் பிடித்தது, முதுகை யாரோ முறிப்பதுபோல் நோ. தாதி ஓடிவந்து வேகத்தைக் குறைத்தா. இரண்டாம் நாள் மருந்துப் பையைத் தூக்கிக்கொண்டு வரும் சத்தம் கேட்டாலே குமட்டிச் சத்தி வரும். சிறுநீரகத்தைத் தாக்குமா என்று நாள்தோறும் இரத்தம் எடுத்தார்கள். மண்ணீரல் இவ்வளவு பெருத்திருக்கும்போது எங்காவது இடித்தால் வெடித்துவிடும் என்று சொல்லியிருந்தார்கள். அபி என்னைக் கட்டிப்பிடிக்க வந்தபோது, "வேண்டாம், தள்ளி நில்லு" என்று கத்திவிட்டேன். அவள் உறைந்துபோய் நின்றாள். பிறகு வலப்பக்கத்தால் வந்து, என் வலது கையை மட்டும் பிடித்துக்கொண்டு, "அம்மா, கோசீ வா பேனே?" என்றாள். இப்படிச் சரியா என்று. அந்தக் கையை இரண்டு மணித்தியாலம் விடவில்லை.

நாலாம் நாள் பின்னேரம் நாலு மணிக்குப் போர்வையை இழுத்துக் கழுத்துவரை மூடிக்கொண்டு காத்திருந்தேன். நாலரை ஆனது. ஐந்து ஆனது. குளிரவில்லை. ஆறு மணிக்கும் பாலன் வெப்பமானியை எடுத்து எடுத்துப் பார்த்தார். அது பழுது என்று சொல்லி தாதியிடம் வேறொன்று வாங்கி வந்தார். அதுவும் முப்பத்தாறரை.

துளி இறங்கிய நாட்களில் மிச்சக் கடிதங்களை வாசித்தேன். சென்னையில் அவர் இருந்த காலத்தில் அந்தக் காய்ச்சலுக்கு மருந்தே இல்லை. கிருமியைக் கண்டார், காப்பாற்ற முடிந்தவர்கள் மிகக் கொஞ்சம். முதலாம் உலக யுத்தம் வந்தபோது காயப்பட்டவர்களை ஏற்றும் கப்பலில் அவரை வேலைக்குப் போட்டார்கள். கடைசியில் ஊருக்குத் திரும்பினார். அதற்குள் ஊர் மாறிவிட்டது. அயர்லாந்து பிரித்தானிய இராணுவத்தோடு மோதிக்கொண்டிருந்த நேரம். அந்த உடுப்பைப் போட்டிருந்தவரிடம் மருந்து வாங்க யாரும் வரவில்லை. தேவாலயத்தில் அவர் இருந்த வாங்குப் பலகையில் பக்கத்தில் ஒருவரும் இருக்கவில்லையாம். மகளை, அதாவது சிஞ்ஞோராவின் தாயை, இத்தாலிக்கு அனுப்பிவிட்டு, தானும் இங்கிலாந்தில் ஒரு கடலோர ஊருக்குப் போய்ச் செத்துப்போனார். அந்த வாங்கைப் பற்றி வாசித்தபோது மட்டும் அவர்மேல் எனக்கு இரக்கம் வந்தது. செத்த பெண்ணை நினைத்தவுடன் அது குறைந்தது. இரண்டும் என்னிடம் இருக்கிறது, ஒன்று மற்றதை அழிக்கவில்லை.

ஓகஸ்ட் மாதம் வேலைக்குத் திரும்பினேன். நாய்க்கு ஈ அண்டாத கழுத்துப்பட்டி, யன்னல்களுக்கு நெருக்கமான வலை. சிஞ்ஞோரா நாயைக் கொடுத்துவிடப் போவதாகச் சொன்னா. அது பாவம், அது என்ன செய்யும் என்று நான்தான் மறித்தேன். ஒருநாள் சாப்பிடும்போது அவ கேட்டா:

"அவர் நல்லவரா, வதனா?"

யோசித்துச் சொன்னேன். "செத்த பெண்ணிடம் சொல்லவில்லை. அடுத்தவர்களிடம் சொல்லிவிட்டுக் குத்தினார்."

அவ கரண்டியை வைத்துவிட்டுப் படத்தை நிமிர்ந்து பார்த்தா. படம் இன்னும் அங்கேதான் தொங்குகிறது.

நோய் திரும்பி வரக்கூடும் என்பதால் ஆறு மாதம் கழித்துப் பரிசோதனைக்கு வரச் சொன்னார்கள். அந்த ஆறு மாதமும் நாள்தோறும் நாலு மணிக்கு நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன். தும்மினால் மூக்கைத் துடைத்து இரத்தமா என்று பார்த்தேன். பரிசோதனை நாளில் பாலன் லீவு எடுத்து வருவதாகச் சொன்னார், வேண்டாம் என்றேன். என் இலக்கத்தைக் கூப்பிட்டபோது எழும்ப முடியாமல் மூன்றாம் முறை கூப்பிட்டபின்தான் எழும்பினேன்.

இரத்தம் சரி என்றா தொட்டோரெஸ்ஸா. படுக்கச் சொல்லி, விலாவுக்குக் கீழே கையை வைத்தா. மூச்சை இழுக்கச் சொன்னா. கையைக் கொஞ்சம் உள்ளே தள்ளினா. இன்னொருமுறை இழுக்கச் சொன்னா.

"தட்டுப்படவில்லை" என்றா. "இன்னும் ஆறு மாதத்தில் ஒருமுறை வாருங்கள்."

கீழே இறங்கி பஸ் நிற்கும் இடத்துக்கு வந்தேன். மழை தூறியது. பாலனுக்கு அழைப்பு எடுத்துத் தொலைபேசியைக் காதில் வைத்திருந்தேன். "வதனா? என்னவாம்? வதனா, கதையுமன்!" என்று அவர் குசினிச் சத்தத்துக்குள் கத்திக்கொண்டிருந்தார். நான் மற்றக் கையை மழைச்சட்டைக்குள் விட்டு, இடப்பக்க விலாவுக்குக் கீழே நாலு விரலையும் வைத்து அழுத்திப் பார்த்தேன். மூச்சை இழுத்து, விட்டு, திரும்பவும் அழுத்தினேன். அங்கே ஒன்றும் இல்லை.